எட்டாவது ஸ்பீக்கருக்கு வைத்த பொட்டு

கணபதி, கோவை
10 செப்டம்பர் 2025

கிருபா,

உங்கள் வீட்டு எட்டாவது ஸ்பீக்கர் பொய் சொல்கிறது. அதற்குப் பொய் சொல்லக் கற்றுக்கொடுத்தது நீங்கள்.

போனில் இதைச் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். "ஏனுங்க பங்காளி, சாப்பிட்டாச்சுங்களா" என்று ஆரம்பிப்பீர்கள். நான் சிரித்துவிடுவேன். கடைசியில் தப்பு என் மேல்தான் என்று நானே ஒத்துக்கொண்டு போனை வைப்பேன். கல்லூரியில் சேர்ந்த நாளில் இருந்து இதுதான் நடக்கிறது. அதனால் மெயில். நீங்களும் எழுதியே பதில் சொல்லுங்கள். போனை எடுக்க மாட்டேன்.

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன், பிறகு யாரும் மாற்றிப் பேசக்கூடாது. காங்கேயத்தில் உங்கள் அப்பா கட்டிய புது வீட்டின் எட்டு அறைகளுக்கும் நம் 'செவி' ஸ்பீக்கர். நம் கம்பெனிக்கு முதல் பெரிய வேலை. ஸ்டுடியோவில் பதிந்த பாட்டை ஒரு துளியும் சுருக்காமல், வயர் இல்லாமல், எட்டு அறையிலும் ஒன்றுபோல ஒலிக்க வைக்க வேண்டும். லாஸ்லெஸ் என்று பெட்டியில் பெரிதாக அச்சடித்திருக்கிறோமே, அது. ஏழு அறைகளில் நான் தரையில் உட்கார்ந்து, மைக் வைத்து அளந்து, ஸ்பீக்கருக்கு இடம் பார்த்து, வைஃபையைச் சரிசெய்தேன். எட்டாவது சாமி அறை. சுற்றிலும் கருங்கல், கதவு முழுக்கப் பித்தளைத் தகடு. வைஃபை நுழைவதற்கு வீட்டிலேயே கஷ்டமான அறை. அதற்குள் மட்டும் நான் போகவில்லை. போக விடவில்லை. ஸ்பீக்கரை நீங்கள் கொண்டுபோய் வைத்தீர்கள்.

கிரகப்பிரவேசத்தன்று பந்தியில் இருந்தபோது என் போன் ஏழு அறைகளுக்கு வெள்ளை காட்டியது, ஒன்றுக்கு மஞ்சள். வெள்ளை என்றால் பாட்டு முழுசாக வருகிறது. மஞ்சள் என்றால் சிக்னல் போதாமல் சுருங்கி வருகிறது. பாதி இலையில் எழுந்து வந்து உங்களிடம் காட்டினேன். "பாத்துக்கறனுங்க" என்றீர்கள்.

பார்த்துக்கொண்ட லட்சணம் இன்றைக்குக் கையில் வந்து சேர்ந்தது. அன்று விருந்துக்கு வந்த பில்டர் மிதுன், சரவணம்பட்டியில் கட்டுகிற வில்லாக்கள் அத்தனைக்கும் நம் ஸ்பீக்கரையே போடப்போகிறாராம். நல்ல சேதி. நீங்கள் சொன்னதை வைத்துச் சான்றிதழும் அனுப்பியிருக்கிறார். 'காங்கேயம் இல்லத்தில் எட்டு அறைகளிலும் முழுத்தரம் அளந்து உறுதிசெய்யப்பட்டது.' கீழே என் பெயர், கையெழுத்துக்கு இடம்.

நான் அளந்தது ஏழு. கையெழுத்துப் போட மாட்டேன்.

அந்த ஸ்பீக்கரைப் பற்றி எனக்குத் திமிர் உண்டு, கிருபா. லேத்துக்கும் கிரைண்டிங் பட்டறைக்கும் நடுவில் ஒரு தகர ஷெட்டில் உட்கார்ந்து செய்தோம். முன்பக்கத்தில் அதே வெள்ளை, மஞ்சள் காட்டுகிற சின்ன விளக்கு என் யோசனை. சத்தமில்லாமல் தரத்தை இறக்கிக்கொள்கிற ஸ்பீக்கர் கடையில் எவ்வளவோ கிடைக்கும். நம்முடையது இறக்கினால் முகத்துக்கு நேராகச் சொல்லிவிடும். நம் ஊரில் முகத்துக்கு நேராக உண்மை சொல்கிற ஒரே பொருள் அதுவாகத்தான் இருக்கும். விளக்கை மறைத்து அதன் வாயையும் மூடிவிட்டீர்கள்.

ஆஸிம்


காங்கேயம்
12 செப்டம்பர்

பங்காளிக்கு,

எனக்கு உங்களாட்ட எழுத வராதுங்க. பேசற மாதிரியே அடிச்சிருக்கறேன். போனை எடுக்க மாட்டேன்னு எழுதியிருந்தீங்க, இப்ப என் குரல் கேக்குதுங்களா? மொதல்ல, சாப்பிட்டாச்சுங்களா?

பொய்யின்னு ஒரே வார்த்தையில எழுதிப்போட்டீங்க. படிச்சுட்டு அன்னைக்கு எண்ணெ மில்லுப் பக்கமே போகலீங்க நானு.

விளக்கு வெள்ளையா மஞ்சளான்னு சத்தியமா எனக்குத் தெரியாதுங்க. அம்மா எல்லா ஸ்பீக்கருக்கும் சந்தனம் குங்குமம் வெச்சாங்க. புதுசா ஒரு பொருள் ஊட்டுக்கு வந்தா பொட்டு வெக்காம இருப்பாங்களா? வாசிங் மிசினுக்கே வெக்கறவங்க. சாமி ரூம்ல அது விளக்கு மேல பட்டுப்போச்சு. அதுக்கு நானென்ன பண்ணட்டும்?

நான் சும்மா இருந்துட்டேன்னு நெனைக்காதீங்க. வந்தவங்களை ரூமு ரூமாக் கூட்டிட்டுப் போயி, சாமி ரூம்லயும் நிக்க வெச்சு, எப்படி இருக்குதுங்கன்னு ஒவ்வொருத்தரையாக் கேட்டனுங்க. ஒருத்தரும் கொறை சொல்லலீங்க. வெள்ளகோவில் மாமா கண்ணை மூடிக்கிட்டே நின்னாரு. நாதஸ்வரக்காரரு நம்ம ஊட்டுக்குள்ள ஒக்காந்து வாசிக்கறாப்புல இருக்குதுங்கன்னாரு. தங்கச்சி புவனா மட்டும், 'அண்ணா, இந்த ரூம்ல தவிலு பக்கத்து ஊட்ல அடிக்கறாப்புல இருக்குது'ன்னா. அவளுக்கு அன்னைக்குக் காலையில இருந்தே தலைவலி. அதைக் கணக்குல எடுக்கக் கூடாதுங்க.

அப்பறம் இன்னொன்னு. போக விடலைன்னு எழுதியிருக்கறீங்க. எங்கப்பா உங்களை ஒரு சொல்லு தப்பாப் பேசுனாருங்களா? நீங்களே சொல்லுங்க. சாமி ரூமுக்குள்ள எல்லாரும் போறதில்லைங்க, அது ஊட்டு வழக்கம். உங்க மேல வருத்தம்னு ஒன்னுமே இல்லீங்க.

மிதுன் ரெண்டு தடவை கூப்புட்டுட்டாரு. ஏழு ரூமு அளந்தவருக்கு எட்டு என்னங்க பெரிய விசயம்? கையெழுத்தப் போட்டு அனுப்பிருங்க பங்காளி. கணபதியில ரெண்டு பேரும் காலை ஆட்டிக்கிட்டு ஒக்காந்து என்னென்ன பேசியிருப்போம், இப்பத்தான் அது கைக்கு வருது.

கிருபாசங்கர்


கணபதி
15 செப்டம்பர்

கிருபா,

வந்தவர்களை எல்லாம் சாமி அறையில் நிற்க வைத்துக் கேட்டீர்கள். அடுத்த பத்தியிலேயே அந்த அறைக்குள் எல்லோரும் போவதில்லை என்கிறீர்கள். எழுதியதை ஒருமுறை படித்துவிட்டு அனுப்புங்கள்.

வெள்ளகோவில் மாமாவை மிக்ஸிக்கு முன்னால் நிறுத்தி எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு "நல்லாருக்குதுங்க" என்றுதான் சொல்லியிருப்பார். பாலுசாமிக் கவுண்டர் வீட்டு விசேஷத்தில், அவர் பையன் முகத்தைப் பார்த்து, எவன் நன்றாக இல்லை என்பான்? உங்கள் ஊரில் கருத்துக் கேட்பதும் கேட்காமல் இருப்பதும் ஒன்றுதான். அந்தக் கூட்டத்தில் காது இருந்தது புவனாவுக்கு மட்டும். அவளைத் தலைவலிக்காரி ஆக்கிவிட்டீர்கள்.

பொட்டுக்கு வருகிறேன். விளம்பரத்துக்கென்று நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ஏழு ஸ்பீக்கர்களில் உங்கள் அம்மா மேல்பலகையின் நடுவில், அளவாக, அழகாக வைத்திருக்கிறார். எட்டாவதில் மேலேயும் அதே மாதிரி ஒன்று இருக்கிறது. அது போதாமல் முன்பக்கம், சரியாக விளக்கின் மேல், கட்டைவிரலால் அப்பிய இன்னொன்று. ஒரே ஸ்பீக்கருக்கு இரண்டு பொட்டு. அம்மா வைத்தது ஒன்று. இன்னொன்றை வைத்தவர் பெயரை நான் எழுத வேண்டுமா?

இனி உங்கள் அப்பா. அவர் ஒரு சொல் தப்பாகப் பேசவில்லை. இளநீர் சீவி அவரே கொண்டுவந்து கொடுத்தார். ஃபேனை என் பக்கம் திருப்பி வைத்தார். என் அம்மாவின் மூட்டுவலியை விசாரித்தார். நான் மைக்கை எடுத்துக்கொண்டு அந்த அறைப் பக்கம் நடந்ததும் எழுந்து வந்தார். இரண்டு கையையும் கூப்பி, "தம்பி, கோவிச்சுக்கக் கூடாதுங்க. அந்த ரூமு மட்டும் நம்ம கிருபாவே பாத்துக்கட்டுங்க" என்றார். திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருப்பேன். கும்பிட்டு நிறுத்துகிறவரை என்ன செய்வது? நீங்கள் பக்கத்தில்தான் நின்றீர்கள். தரையைப் பார்த்தீர்கள். பிறகு என் கையில் இருந்த ஸ்பீக்கரை வாங்கிக்கொண்டீர்கள்.

வழக்கம் என்று எழுதாதீர்கள். கருங்கல் பதிக்க ராஜஸ்தானில் இருந்து வந்தவர்கள் ஒரு மாதம் அந்த அறையில்தான் சாப்பிட்டார்கள், தூங்கினார்கள். அப்போது சாமி வரவில்லை என்பீர்கள். நான் வந்த அன்றும் வரவில்லை. சாமிப் படங்கள் அட்டைப்பெட்டியில் ஹாலில் கிடந்தன. பெட்டியை நகர்த்த நானும் ஒரு பக்கம் பிடித்தேன். படத்தை நான் தூக்கலாம், வெறும் அறைக்குள் காலை வைக்கக் கூடாது. இது என்ன கணக்கு?

வீடு கட்டும்போதே அந்தச் சுவரில் வயர் போக ஒரு குழாய் விடச் சொன்னேன். "வயர்லெஸ்ஸுன்னுதானே விக்கறீங்க, அப்பறம் எதுக்குங்க குழாய்" என்று மேஸ்திரி முன்னால் கிண்டல் செய்தீர்கள். இப்போது கருங்கல்லில் துளை போட முடியாது. ஒரே வழிதான். நான் உள்ளே உட்கார்ந்து அளக்க வேண்டும். சின்னதாக ஒரு வைஃபை பெட்டிக்கு இடம் பார்க்க வேண்டும். அரை மணி நேரம். அதற்குப் பிறகு எட்டு என்று சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுகிறேன்.

அதுவரை ஷெட்டுக்கு வர மாட்டேன். சாவியை லேத் பட்டறையில் கொடுத்திருக்கிறேன். மைக் மேஜை மேல் இருக்கிறது.

ஆஸிம்


காங்கேயம்
2 அக்டோபர்

பங்காளிக்கு,

நேத்து ஆயுத பூசைக்கு நீங்க வரலீங்க. வருவீங்கன்னு பொரி, சுண்டல் எல்லாம் எடுத்து வெச்சுட்டு ஒக்காந்திருந்தேன். லேத்துப் பட்டறைக்காரரு, 'ஆஸிம் எங்கீங்க, கோவமுங்களா'ன்னு கேக்கறாரு. ஊருக்குப் போயிருக்கறாருன்னு சொன்னேன். உங்க மைக்குக்கு நானே பொட்டு வெச்சேன். பயப்படாதீங்க, வலை மேல வெக்கல, பிடியிலதான் வெச்சேன். பொட்டு எங்க வெக்கோணும்னு இப்பத்தான் கத்துக்கிட்டனுங்க.

உங்க கடுதாசியப் படிச்ச பொறவு சும்மா இருக்க முடியலீங்க. அதே மைக்கைக் கொண்டாந்து சாமி ரூம்ல நானே ஒக்காந்து பாத்தேன். ஸ்பீக்கரை அக்கட்ட வெச்சேன், இக்கட்ட வெச்சேன். கம்ப்யூட்டர்ல கோடு கோடா வருது, ஒன்னும் புரியல. போன்ல கடைசி வரைக்கும் மஞ்சதானுங்க.

ஆனா நானும் ஒன்னு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. அன்னைக்கு அத்தனை பேரு கேட்டாங்க. மரியாதைக்குச் சொன்னாங்கன்னே வெச்சுக்குங்க. நெசமாவே அவங்க காதுக்கு வித்தியாசம் தெரிஞ்சிருக்குமுங்களா? நீங்களே ஷெட்ல ஒருக்கா கண்ணக் கட்டிக்கிட்டு ரெண்டையும் கேட்டுட்டு, சுருக்குனதைத்தான் முழுசுன்னு சொன்னீங்க. செஞ்சவருக்கே தெரியாதது வாங்கறவருக்குத் தெரியவா போகுது? இதுக்காக இவ்வளவு சண்டை எதுக்குங்க?

எங்கப்பாவைப் பத்தி எழுதுனதுதான் மனசு ஆறல. கணபதியில உங்களுக்கு ஊடு கெடைக்காம எடம் எடமாத் திருப்பி அனுப்புனாங்களே, அப்ப ஒரே போனுல பேசி எடுத்துக் குடுத்தது யாருங்க? நான் சொல்லிக் காட்டறேன்னு நெனைக்காதீங்க. அப்படிப்பட்ட மனுசனை இப்படி எழுதலாமான்னுதான் கேக்கறேன். எட்டு ஏக்கர் மானாவாரிய வெச்சுக்கிட்டு, மழை பெய்யாத வருசத்துல ஒத்தை செக்குல ஆரம்பிச்சு மில்லு வெச்சவருங்க. யாருகிட்டயும் தலை குனிஞ்சதில்லை. உங்ககிட்டத்தான் கையெடுத்துக் கும்பிட்டாரு.

சரி, நான் ஒரு வழி சொல்றனுங்க. வர்ற கிருத்திகைக்கு அப்பாவும் அம்மாவும் பழனி போறாங்க. வெடியக் காலைல போனா பொழுது சாயத்தான் திரும்புவாங்க. நீங்க வந்து சத்தமில்லாம அளந்துட்டு, அந்தப் பெட்டியவும் வெச்சுட்டுப் போயிருங்க. புவனாகிட்டச் சொல்லிக்கலாம். எட்டும் வெள்ளையாயிரும், யாருக்கும் மனக்கஷ்டமில்லை.

வாங்க பங்காளி. மத்தியானம் ரெண்டு பேரும் ஒன்னாச் சாப்படலாம்.

கிருபாசங்கர்


கணபதி
5 அக்டோபர்

கிருபா,

ஆள் இல்லாத வீட்டுக்குள் சுவரோரமாக ஏறி வர நான் பல்லி இல்லை.

நான் கேட்டது அந்த அறைக்குள் போவதற்கு வழி அல்ல. போகிறவன் யார் என்று நீங்கள் உங்கள் அப்பாவிடம் சொல்ல வேண்டும் என்று கேட்டேன். 'செவி' உங்கள் ஷெட், என் மூளை என்று மிதுனிடம் நீங்களேதான் பெருமையாகச் சொன்னீர்கள். மூளை பின்வாசல் வழியாக வந்து போக வேண்டுமா?

ஆயுத பூஜைக்கு நான் ஏன் வரவில்லை என்று நிஜமாகவே தெரியவில்லையா? வருஷா வருஷம் மைக்கைத் துடைத்துப் படத்துக்கு முன்னால் வைத்தது நான். தட்டில் கற்பூரம் அணையாமல் கதவை மூடிப் பிடித்தது நான். பொரியில் வெல்லம் பொறுக்கித் தின்றது நீங்கள். கணபதி ஷெட்டில் உங்கள் சாமிக்கு என்னால் எந்தச் சங்கடமும் இல்லை. காங்கேயம் போனதும்தான் வந்துவிடுகிறது. இயந்திரம் ஓட வேண்டிய இடத்தில் நான் வேண்டும். நாலு சொந்தக்காரர் பார்க்கிற இடத்தில் வேண்டாம்.

வீடு விஷயம். மறக்கவில்லை. என் அம்மா உம்மல் குல்சும் ஒவ்வொரு வீட்டு வாசலிலும் பெயரைச் சொன்னதும், "இப்பத்தாங்க வேற ஒருத்தருக்கு முடிஞ்சுது" என்று அங்கேயும் மரியாதையாகத்தான் சொன்னார்கள். பிறகு உங்கள் அப்பா போன் செய்தார், வீடு கிடைத்தது. நன்றி சொன்னேன், இப்போதும் சொல்கிறேன். ஆனால் இன்ஜினியரிங் முடித்து, கம்பெனி நடத்தி, முன்பணத்தைக் கையில் வைத்திருந்த ஒருவன், பிறந்த ஊரில் வாடகை வீட்டுக்குள் நுழைய ஒரு கவுண்டரின் போன் வேண்டியிருந்தது. இதில் பெருமைப்பட உங்களுக்கு என்ன இருக்கிறது? எனக்கு அவமானம்தான் இருக்கிறது.

காது விஷயம். ஆமாம், தப்பாகத்தான் சொன்னேன். பாதி நேரம் எனக்கே தெரியாது. தெரியும் என்று நான் எங்கேயும் சொன்னதில்லை. ஆனால் நம் பெட்டியில் 'உங்களுக்கு வித்தியாசம் தெரியாது' என்று அச்சடிக்கவில்லை. 'எதையும் குறைக்கவில்லை' என்று அச்சடித்திருக்கிறோம். பாமாயில் கலந்த தேங்காயெண்ணெயைத் தலையில் தேய்க்கிறவனுக்கும் தெரியாது. தெரியாது என்பதற்காகக் கலக்கலாமா என்று உங்கள் அப்பாவிடம் கேட்டுப் பாருங்கள். அவர் மில் வாசலைப் பாமாயில் லாரி ஒருநாளும் தாண்டியதில்லை என்று காங்கேயமே சொல்லும். அந்த மனுஷனின் பெயரை வைத்து, அவர் வீட்டுச் சாமி அறையிலேயே, அவருக்குத் தெரியாமல், நீங்கள் கலப்படம் செய்திருக்கிறீர்கள். அதன் மேல் சந்தனமும் வைத்திருக்கிறீர்கள்.

கிருத்திகைக்கு வர மாட்டேன். உங்கள் அப்பா வீட்டில் இருக்கிற நாளில், பகலில், முன்வாசல் வழியாக வருவேன். நீங்கள் அந்த அறை வாசலில் நின்று, அவர் காதில் விழும்படி, 'உள்ள வாங்க ஆஸிம்' என்று கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

ஆஸிம்


காங்கேயம்
26 அக்டோபர்

பங்காளிக்கு,

தீவாளிப் பலகாரம் உங்க அம்மா வாங்கிக்கிட்டாங்கன்னு டிரைவர் வந்து சொன்னாரு. அந்த மட்டுக்கும் சந்தோசமுங்க.

ஒரு பெரிய விசயம் நடந்துபோச்சு. மொதல்ல இருந்து சொல்றேன்.

தீவாளி நோம்பிக்கு மறுநாளு லேப்டாப்பைத் தொறந்தே வெச்சுட்டு வெளிய போயிட்டேன். புவனா உங்க கடுதாசியப் படிச்சுப்போட்டா. மனசுக்குள்ள படிச்சிருந்தா பரவாயில்லைங்க. நான் திரும்பி வரும்போது அப்பா முன்னால நின்னு சத்தமாப் படிச்சுட்டு இருக்கறா. பாமாயில் லாரின்னு வந்த எடத்துல அப்பா கையைக் காட்டி நிறுத்துனாரு. எந்திரிச்சு நேரா சாமி ரூமுக்குப் போனாரு. தோள்ல இருந்த துண்டுல அந்தப் பொட்டைத் தொடச்சாரு. மஞ்ச வெளிச்சம் வந்துச்சு.

"என்ன இது"ன்னாரு. எல்லாத்தையும் சொன்னேன்.

"அப்ப ரெண்டு மாசமா சாமிக்கு முன்னால கலப்படம் ஓடிட்டு இருக்குதுங்களா?"

எனக்கு 'ங்க' போட்டுக் கேட்டாருங்க. அவரு எனக்கு 'ங்க' போட்டா என்ன அர்த்தம்னு உங்களுக்கே தெரியும்.

அங்கயே நின்னுக்கிட்டு மிதுனுக்குப் போனைப் போடச் சொன்னாரு. "ஏனுங்க மிதுன், பாலுசாமி பேசறனுங்க. பசங்க எட்டுன்னு எழுதிப்போட்டாங்க. எட்டு இல்லீங்க, ஏழுதான். ஒன்னு சரியில்ல. இதைக் கேட்டுட்டு உங்களுக்கு வேண்டாம்னு தோணுச்சுன்னா ஆர்டரை வேண்டாம்னு சொல்லிருங்க, நான் வருத்தப்பட மாட்டேன்." அதுக்கு மிதுன், இப்படி ஒரு மனுசன் சொல்றப்ப எனக்கு வேற என்னங்க வேணும், ஏழுன்னே போட்டு அனுப்புங்கன்னுட்டாரு.

எனக்கு நெஞ்சு நிமிந்துபோச்சுங்க. எங்கப்பன்னு சொல்லிக்கறதுக்கு அன்னைக்கு இருந்த பெருமை எனக்கு என்னைக்கும் இருந்ததில்லை. நீங்க பக்கத்துல இருந்திருக்கோணும்.

அப்பறம் பிளக்கைப் பிடுங்கி, ஸ்பீக்கரைத் துண்டுல சுத்தி என் கையில குடுத்தாரு. நான் தைரியமா ஒன்னு கேட்டேன் பங்காளி, அதையும் சொல்லிப்போடறேன். "ஆஸிமைக் கூப்புடட்டுங்களா? வந்தா சரி பண்ணிருவாரு"ன்னேன். அவரு என்னைப் பாக்கல. "ஸ்பீக்கரே இல்லாத ரூமுக்கு அவரு எதுக்கு வரோணும்?"னு சொல்லிட்டு கதவைச் சாத்துனாரு.

புவனா என்கூட இன்னும் பேசல. சரியாயிருவா.

இப்ப எல்லாமே உண்மைதானுங்க. ஏழு ரூமு, ஏழும் நீங்க அளந்தது, ஏழும் வெள்ளை. மிதுன் புதுத் தாள் அனுப்பியிருக்காரு, கூட வெச்சிருக்கறேன். இந்தத் தடவை உங்க கையெழுத்துக்குக் கீழ என் கையெழுத்தும் கேக்கறாரு. நீங்க போட்டு அனுப்புங்க, நானும் போட்டுக் குடுத்தர்றேன். திங்கக்கெழமை ஷெட்டைத் தொறக்கலாம்.

கிருபாசங்கர்


கணபதி
29 அக்டோபர்

கிருபா,

உங்கள் கடிதத்தை என் அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். மிதுனிடம் உங்கள் அப்பா பேசிய இடத்தில், "பெரிய மனுஷன்" என்றார். எனக்கும் உங்கள் அப்பாவை நினைத்துப் பெருமையாகத்தான் இருந்தது. கைக்கு வந்த ஆர்டரை ஒரு உண்மைக்காகத் தள்ளிவிடத் துணிகிற ஆளை நான் பார்த்ததில்லை. அடுத்த பத்தியைப் படித்ததும் அம்மா எழுந்து உள்ளே போய்விட்டார்.

ஒரே ஆள்தான் இரண்டையும் செய்தார். பொய்யைத் தன் வீட்டில் ஒரு நிமிடம் வைத்துக்கொள்ள மாட்டார். என்னையும் வைத்துக்கொள்ள மாட்டார். நான் உள்ளே வருவதைவிட அந்த அறையில் பாட்டே இல்லாமல் போவது அவருக்குச் சுலபமாக இருந்திருக்கிறது.

ஸ்பீக்கரை எடுத்துவிட்டால் கேள்வியும் போய்விடும் என்று நினைத்துவிட்டார். நானும் இத்தனை நாளாக வேலையைக் காரணம் காட்டித்தான் கேட்டேன். அளக்க வேண்டும், பெட்டி வைக்க வேண்டும் என்று. இப்போது அந்த அறையில் எனக்கு ஒரு வேலையும் இல்லை. நல்லதாகப் போயிற்று. இனி வேலைக்காரனாக அல்ல, ஆஸிமாகவே கேட்கலாம்.

கையெழுத்துப் போட்டு அனுப்பியிருக்கிறேன். ஏழு அறைகளின் அளவுகள் அதில் இருக்கின்றன. எந்த ஊருக்கு எடுத்துப்போய் யாரை வைத்து அளந்தாலும் அப்படியேதான் வரும். அந்த ஏழுக்காக யார் முன்னாலும் நிமிர்ந்து நிற்பேன். எட்டாவதற்கு மிதுன் ஒரு கோடு போட்டு வெறுமையாக விட்டிருந்தார். நம் ஸ்பீக்கர் வெறுமையாக விடாது, காரணத்தைச் சொல்லும். அதனால் நிரப்பிவிட்டேன்.

'எட்டாவது அறை: அளக்கவில்லை. காரணம்: அளப்பவரை உள்ளே விடவில்லை.'

இதில் திட்டு இல்லை. உங்கள் அப்பா பெயர் இல்லை, என் மதம் இல்லை. நடந்தது மட்டும் இருக்கிறது. பொய் என்றால் அடித்துவிடுங்கள். உண்மை என்றால் கீழே கையெழுத்துப் போடுங்கள். ஸ்பீக்கரைத் துடைத்த துண்டால் உங்கள் அப்பாவே இதையும் துடைத்துப் பார்க்கட்டும்.

இல்லையென்றால் ஒரு நாள் சொல்லுங்கள். வருகிறேன். உட்காரக்கூட வேண்டாம். வாசலைத் தாண்டி ஒரு காலை வைத்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். அப்புறம் அந்த வரியை நானே என் கையால் அடிக்கிறேன்.

ஆஸிம்


கணபதி
1 டிசம்பர்

கிருபா,

ஒரு மாதம் தாண்டிவிட்டது. தவறிப்போய் என் கை பட்டு வந்த போன் அழைப்புகளுக்குக்கூட "கூப்புட்டீங்களா பங்காளி" என்று திருப்பி அழைத்தவர் நீங்கள்.

போன வாரம் உங்கள் டிரைவர் ஒரு கவர் கொண்டுவந்தார். உள்ளே அதே சான்றிதழ், புதிதாக அச்சடித்தது. ஏழு அறை இருக்கிறது, எட்டாவது வரி இல்லை. ஒரு துண்டுச் சீட்டுகூட நீங்கள் எழுதி வைக்கவில்லை. அப்படியே திருப்பி அனுப்பினேன். டிரைவருக்கு டீ கொடுத்தேன். உள்ளே வந்து உட்கார்ந்துதான் குடித்தார்.

மிதுன் நேற்று பேசினார். "ஏன் பாஸ், ஒரு கையெழுத்துக்கு இவ்வளவு நாளா?" என்றார். உங்களிடம் கேட்கச் சொன்னேன். கேட்டாராம். "பாத்துக்கறனுங்க" என்றீர்களாம்.

புவனா இங்கே வந்திருந்தாள். நீங்கள் ஷெட்டைத் திறப்பதே இல்லை, எட்டாவது ஸ்பீக்கரை உங்கள் அறைக்குள் கொண்டுபோய் வைத்துக்கொண்டு தனியாகப் பாட்டுக் கேட்கிறீர்கள் என்றாள். அது எந்த நிறம் காட்டுகிறது என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரியும். அந்த அறையில் இடம் பார்த்து வைஃபை வைத்தது நான்.

என் பழைய தாள் உங்களிடம்தான் இருக்கிறது. எட்டாவது வரி அதில் அப்படியே இருக்கிறது. கையெழுத்துப் போடுங்கள். இல்லையென்றால் என்னைக் கூப்பிட்டு அந்த வரியைப் பொய்யாக்குங்கள்.

ஆஸிம்